நண்டு கடிக்கவில்லை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். "அம்மா, அவ உங்களிட்ட வந்து மன்னிப்புக் கேட்டால்தான் நான் லீவில வந்து அவவின்ர வாசலை மிதிப்பன்" என்று சொன்னாய். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுப்பில் கறிச்சட்டி கிடக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. உனக்கு நான் சொன்ன பொய்களில் அதுதான் மிகச் சின்னது. பெரியதை இப்போது சொல்லப் போகிறேன். இருந்து வாசி. வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசிக்காதே.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். எழுதி எழுதிக் கிழித்து, இது நாலாவது தாள். எழுதி முடித்ததும் கோயில் மாதத்தாளில் போடச் சொல்லிப் பங்குச் சுவாமியிடம் கொடுக்கப் போகிறேன். பிழைகளை அவர் திருத்துவார். வீட்டுக் கதையை ஏன் ஊர் வாசிக்க வேண்டும் என்று நீ கேட்பாய். பொய்யை நான் உனக்கு மட்டும் சொல்லவில்லை, மகன். குழாயடியில் சொன்னேன், மீன் துறையில் சொன்னேன், பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்புப் போடும்போதும் சொன்னேன். ஊர் முழுக்க அறியச் சொன்னதை உன் காதுக்குள் மட்டும் திருத்தினால் அது திருத்தம் ஆகாது. உன் பெண்சாதி ஜெனிற்றாவைப் பற்றி நான் சொன்னதை எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேரும் இதையும் கேட்கட்டும்.

நாய்க்குட்டி பிறவுணியை நீதான் கொண்டுவந்தாய். கட்டாருக்குப் போவதற்கு முதல் கிழமை சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து, "வீட்டில ஆம்பிளை இல்லை அம்மா, இவன் நிக்கட்டும்" என்றாய். நல்ல நாய். நான் கரைக்குப் போனால் பின்னால் வரும், வந்தால் பின்னால் வரும். உன் மகள் செரின் தவழ்ந்த காலத்தில் அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்து காகத்தைக் கிட்டவர விடாது. அதைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்லமாட்டேன். குறை முழுக்க என்னுடையது.

வருடத்துக்கு ஒருதரம் சுகாதாரக் கந்தோர்க்காரர் நாய்களுக்கு வெறி பிடிக்காமல் விசர் ஊசி போட வருவார்கள். முதல் நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருவுக்கு ஊசி போடுகிற இடம் உன் அப்பாவின் தங்கை பிலோமினாவின் வளவு. அங்கேதான் நிழல் இருக்கிறது. தெருவில் எல்லோரும் நாயின் கழுத்தில் வலைக்கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். காசு வாங்குவதில்லை, ஊசி போட்டு ஒரு அட்டையும் தருவார்கள். நான் போகவில்லை. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று பின்னேரம், என் குசினிக்குள் அடுப்படியில் நின்றுகொண்டு, "அண்ணனைக் கடல் கொண்டுபோகேல்லை, இவளின்ர வாய்தான் கொண்டுபோனது" என்று பிலோமினா தன் மகளுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. பச்சைச் சீலை கட்டியிருந்தாள். அடக்கத்துக்குப் பச்சைச் சீலை கட்டி வந்தவள் அவள் ஒருத்திதான். பதினெட்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுடைய படலையை நான் தாண்டவில்லை. ஒரு நாய்க்காகவா தாண்டுவேன் என்று இருந்துவிட்டேன். அடுத்த தெருவில் போடுகிற நாளில் கொண்டுபோயிருக்கலாம். அதையும் செய்யவில்லை, ஏனென்றால் அங்கே போனால் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பார்கள்.

ஜெனிற்றா மூன்று தரம் கேட்டாள். சங்கக் கடையில் வேலை செய்கிறவள், விடிய எட்டு மணிக்குப் போனால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் வருவாள். ஊசி போடுகிற நாளில் அவளால் நிற்க முடியாது. அதனால் என்னிடம் பொறுப்புத் தந்தாள். மூன்றாம் தரம் கேட்டபோது, "போட்டாச்சு" என்றேன். அட்டை எங்கே என்று கேட்டாள். "உம்மட கடையில மாதிரி எல்லாத்துக்கும் துண்டு எழுதித் தருவினமோ" என்று வாயை நெளித்துச் சொன்னேன். அவள் கடைக்கு வெளிக்கிட்டுப் போனாள். போட்டாச்சு என்ற அந்த ஒரு சொல்லிலிருந்துதான் மற்ற எல்லாம் வந்தது.

போன வருடம் மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஒரு திங்கட்கிழமை பிறவுணி சாப்பிடவில்லை. மீன் குடலைப் போட்டேன், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கவிழ்த்து வைத்திருந்த பழைய வள்ளத்துக்குக் கீழே போய் இருட்டுக்குள் படுத்தது. செவ்வாய்க்கிழமை அதன் குரைப்பு மாறிவிட்டது. தொண்டை கட்டின மனிதனைப் போல ஒரு குரல். வாயை மூட முடியாமல் வீணீர் வடிந்தது. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தது என்பது வரைக்கும். ஆனால் நான் நினைத்தது வேறு. கரையில் திரிகிற நாய்தானே, கெளிறு மீன் தலையைத் தின்று முள் தொண்டையில் தைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் நாய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். நான் அதன் தாடையை விரித்து, வலது கையை உள்ளே விட்டு முள்ளைத் தேடினேன். முள் இருக்கவில்லை. மீன் வெட்டுகிற கை, மகன். என் கையில் காயம் இல்லாத நாள் எப்போது இருந்தது? கையைக் கடல் தண்ணீரில் அலம்பிவிட்டு வந்து மாவைக் குழைத்தேன்.

புதன்கிழமை செரின் பள்ளிக்கூடத்தால் வந்தாள். நாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று நான் யாருக்கோ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சிரட்டையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வள்ளத்துக்குக் கீழே கையை நீட்டியிருக்கிறாள். அவள் கத்தின சத்தத்துக்கு நான் ஓடினேன். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கைச் சதையில், நாலு பல். பெரிய காயம் இல்லை. இரத்தம் ஒரு தேக்கரண்டிகூட வரவில்லை. நான் செய்ததைக் கேள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினேன். பிள்ளையை மடியில் இருத்தி, கன்னத்தைத் தடவி, "அம்மாவுக்கு நாய் எண்டு சொல்லாதை மகள், சொன்னால் பிறவுணியை அடிச்சுப் போடுவினம், நண்டு கடிச்சது எண்டு சொல்லு" என்றேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. நாயில் உயிரை வைத்திருந்தவள். தலையை ஆட்டினாள்.

ஜெனிற்றா பின்னேரம் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டினாள். மஞ்சள் கழன்றது. "இதென்ன?" என்றாள். பிள்ளை நண்டு என்றது. நானும் நண்டு என்றேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமி, நான் விடத்தல்தீவாள். பிறந்த நாள் தொடக்கம் நண்டு கடிச்ச கையைத்தான் பார்த்து வளந்தனான். நண்டு இடுக்கினால் ரெண்டு பக்கமும் நசியும். இது பல்லு." அப்படித்தான் சொன்னாள், சத்தம் போடாமல். நண்டு வலையில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளையிடம் போய் நண்டுக் கதை சொன்னேனே, அதைவிட ஒரு மடைத்தனம் உண்டா? நான் பிடித்த பிடியை விடவில்லை. உம்முடைய ஊர் நண்டு வேறு, எங்கள் ஊர் நண்டு வேறு என்றேன்.

அவள் என்னோடு வாக்குவாதம் செய்யவில்லை. பிள்ளையின் கையைப் பைப்புக்குக் கீழே பிடித்தாள். சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள், தண்ணீரை ஓடவிட்டாள், திரும்பவும் சவர்க்காரம், திரும்பவும் தண்ணீர். பிள்ளை துடித்தது. அழுகையை மறக்கடிக்கச் செபமாலை சொல்ல வைத்தாள். பத்து மணி வீதம் ஐந்து காரணிக்கமும் முடிகிற மட்டும் கையை விடவில்லை. நான் படியில் நின்று, "பிள்ளையைக் கொல்லுறாளே" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். பிறகு பெரியாஸ்பத்திரியில் ஊசி போடுகிற மிஸ்ஸி எனக்குச் சொன்னா, கடித்த உடனே கால் மணித்தியாலம் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுவதுதான் முதல் மருந்து என்று. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள் ஒன்றும் வைக்கக் கூடாது என்று. ஒரு முழுச் செபமாலை சொல்லுகிற நேரம் என்று வைத்துக்கொள். கடிக்கும் பிறாண்டலுக்கும் அதுதான். நான் இரண்டு மணித்தியாலம் சுண்ணாம்போடு வைத்திருந்ததை அவள் கழுவினாள்.

ஆட்டோ பிடித்து அன்றைக்கே கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் இருந்து எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, நாயைக் கட்டி வையுங்கோ. பதினாலு நாள் பார்க்க வேணுமாம். செத்தால் உடனே சொல்லட்டாம். அடிக்க வேண்டாமாம். நாளைக்குக் கந்தோரால வருவினம்." நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு நான் யோசித்தது பிள்ளையை அல்ல. அதைத்தான் எழுத முடியாமல் மூன்று தாள் கிழித்தேன். கந்தோர்க்காரர் வருவார்கள், அட்டை கேட்பார்கள், அட்டை இல்லை என்பது தெருவுக்குத் தெரியும், பிலோமினா தன் படலையில் நின்று பார்த்துச் சிரிப்பாள். இதைத்தான் யோசித்தேன். நாய் இருந்தால்தானே அட்டை கேட்பார்கள் என்று யோசித்தேன்.

எங்கள் கரையில் வேண்டாத நாயை யாரும் அடித்துக் கொல்வதில்லை. அது பாவம். வாடிக்குப் போகிற வள்ளத்தில் ஏற்றிவிடுவோம். கொண்டச்சிப் பக்கம் சீசனுக்குக் கொட்டில் கட்டி வாடி போட்டிருப்பவர்கள் மீனைக் காயவைக்கிற இடத்தில் அதை இறக்கிவிடுவார்கள், கருவாட்டுத் தலையைத் தின்று பிழைக்கும். கையில் இரத்தம் இல்லை, கண்ணுக்கு முன்னால் நாயும் இல்லை. எத்தனை குட்டிகளை அப்படி நானே அனுப்பியிருக்கிறேன். அடுத்த நாள் விடிய, கொண்டச்சி வாடிக்குப் போகவிருந்த சூசையிடம் பிறவுணியைக் கொடுத்தேன். உன் அப்பாவோடு தொழில் செய்த அதே சூசைதான். சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். "ஏனக்கா, வீட்டு நாயெல்லோ" என்று கேட்டான். "கோழி பிடிக்குது" என்றேன். கடித்ததைச் சொல்லவில்லை. சாக்குக்கு வெளியே தலையை நீட்டி அவனுடைய கையை நக்கியது. கயிறு இழுத்து இழுத்துத் தோல் உரிந்த கை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

கந்தோர்க்காரர் வந்தபோது நாய் ஓடிப்போய்விட்டது என்றேன். நாயைப் பார்க்க முடியாததால் பிள்ளைக்கு ஒரு ஊசியையும் நிறுத்த முடியவில்லை. கடித்த இடத்துக்குள்ளேயே ஊசி ஏற்றினார்கள், பிறகு குறித்துக் கொடுத்த நாட்களில் எல்லாம் கையில் போட்டார்கள். ஒவ்வொரு தரமும் ஜெனிற்றா கடையில் லீவு கேட்டுக் கொண்டுபோனாள். நான் குழாயடியில் நின்று, நண்டுக்கடிக்கு விசர் ஊசி குத்துகிற தாயைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மாமியாரோடு இருக்க விருப்பமில்லாமல் பிள்ளையைச் சாட்டி நாடகம் ஆடுகிறாள் என்றேன். கேட்டவர்கள் அவளைத் தெருவில் ஒருமாதிரிப் பார்த்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பிறகு நீ போன் எடுத்தாய். அவளுக்கு முதல் நான் எடுத்துப் பேசிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். அவள் நாய் என்றாள், நான் நண்டு என்றேன். நீ பிள்ளையைக் கூப்பிடச் சொன்னாய். செரின் போனை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே, "நண்டுதான் அப்பா" என்றாள். அதற்குப் பிறகு நீ உன் பெண்சாதிக்குச் சொன்ன சொற்களை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். போனைப் பிடித்திருந்த அவளுடைய முகத்தையும் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் பிள்ளையையும் இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு விடத்தல்தீவுக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். மீதி ஊசிகளுக்கு அங்கிருந்து பஸ்ஸில் வந்து போனாள்.

இதுவரைக்கும் சொன்னதில் பாதியை நீ ஊகித்திருக்கக்கூடும். இனிச் சொல்லப்போவது ஒருவருக்கும் தெரியாது.

எட்டாம் நாள் சூசை வாடியில் இருந்து வந்தான். வள்ளத்தைக் கரையில் ஏற்றக்கூட இல்லை, நேரே என் வாசலுக்கு வந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "அக்கா, அந்த நாய் பிள்ளையைக் கடிச்சதோ?" என்று கேட்டான். ஊரில் இறங்கினதும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே போகத் திரும்பினேன். "பிள்ளைக்கு ஊசி போட்டதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ." போட்டது என்றேன். அப்போதுதான் படியில் குந்தினான். இறக்கிவிட்ட அன்றே நாய் வாடிக்குள் வெறி பிடித்து ஓடியதாம். கருவாடு கட்டிக்கொண்டிருந்த ஒருவனின் குதிக்காலைக் கடித்ததாம். அடுத்த நாள் தாடை முழுக்கத் தொங்கி, தண்ணீர் விழுங்க முடியாமல், மூன்றாம் நாள் செத்துப்போனதாம். அவனும் கடிபட்டவனும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடத் தொடங்கிவிட்டார்களாம். நாயின் தலையைச் சோதிக்க வேண்டும் என்று அங்கே கேட்டார்களாம், இவர்கள் அதற்கு முதலே புதைத்துவிட்டார்கள். அதனால் கடுதாசியில் எழுதின அத்தாட்சி ஒன்றும் இல்லை. எனக்கு அத்தாட்சி தேவையில்லை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் ஏத்தியிருப்பமோ அக்கா? அங்க பன்னிரண்டு பேர் நிலத்தில படுக்கிறம்" என்றான் சூசை. அவன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவனோடும் கோபம் பாராட்டியிருப்பேன். அதற்குக்கூட அவன் இடம் வைக்கவில்லை.

அவன் போனபிறகு என் வலது கையைப் பார்த்தேன். நாயின் தொண்டைக்குள் விட்ட கை. அடுத்த நாள் விடிய, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் முதல் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மிஸ்ஸி கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். நாய் என்று சொன்னேன். வாய்க்குள் கையை விட்டேன் என்று சொன்னேன். "கையில வெட்டுக்காயம் இருந்தால் வீணீர் பட்டாலே காணும் அம்மா, கடிக்க வேணும் எண்டில்லை. முள்ளுத் தைச்சிருக்கு எண்டு கையை விட்டு வாறவைதான் இஞ்ச கனபேர்" என்றா. விசர் வருத்தம் வெளியே தெரியத் தொடங்கினால் மருந்தே இல்லை, அதற்கு முதல் ஊசி போட்டால் பயமில்லை, எவ்வளவு பிந்தினாலும் வரத்தான் வேண்டும் என்றா. எனக்கும் ஒரு அட்டை தந்தார்கள். எல்லா ஊசியும் போட்டேன். அட்டையை அலுமாரிக்குள் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.

விளங்குகிறதா, மகன்? நாய் கடிக்கவே இல்லை, உன் பெண்சாதி பிள்ளைக்கு வீண் ஊசி குத்துகிறாள் என்று ஊருக்கும் உனக்கும் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், அதே நாய்க்காக நான் ஒளித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு நாள் வாட்டுக்கு வெளியே வாங்கில் இருக்கும்போது தூரத்தில் ஜெனிற்றா செரினைக் கூட்டிக்கொண்டு வருவதைக் கண்டேன். அவர்களுக்கும் அன்றைக்குத்தான் திகதி. நான் எழும்பித் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர்கள் ஊசி போட்டுப் போகும்வரைக்கும் நின்றேன். பிள்ளை அழவில்லை. தாய் அவளுக்கு ஒரு ரொபி உரித்துக் கொடுத்தாள். என் பேத்தி உயிரோடு இருப்பது அவளால். நான் சொன்னதை அவள் நம்பியிருந்தால் நாங்கள் ஒரு சின்னப் பெட்டி செய்வித்திருப்போம். அதைத் தூணுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். யோசித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த ஞாயிறும் உனக்கு நண்டு என்றே சொன்னேன்.

ஏன் என்று கேட்காதே. நான் மனதில் வைத்துக்கொள்ளுகிறவள். உன் கலியாணத்தன்று ஜெனிற்றாவின் தாய் எல்லோருக்கும் கதிரை போட்டு எனக்குப் போடவில்லை, நான் வாசற்படியில் இருந்தேன். எட்டு வருடமாக அதை வைத்திருந்தேன். இப்போதும் மறக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் ஒரு கதிரைக்காகவும் ஒரு பச்சைச் சீலைக்காகவும் நான் எதைப் பணயம் வைத்தேன் என்று இந்தப் பத்து மாதமும் கணக்குப் பார்த்தேன். உன்னிலும் எனக்கு ஒரு குறை உண்டு. நீ அவளிடம் ஒரு தரமாவது ஆஸ்பத்திரி அட்டையைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாய் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டாய். நல்ல பிள்ளை என்று அதை நான் ஊரில் சொல்லித் திரிந்தேன். அது நல்லது இல்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நான் புத்தி சொல்லத் தகுதி இல்லாதவள். செய்ததை மட்டும் சொல்லுகிறேன், அதைச் செய்யாதேயுங்கோ. நாய் வீட்டு நாய்தானே என்று ஊசியை விடாதேயுங்கோ, குட்டிக்கும் போடுவார்கள், பூனைக்கும் போடுவார்கள், ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். ஊசி போடுகிற வளவு யாருடையது என்று பாராதேயுங்கோ. வாயைத் திறந்தபடி வீணீர் வடிக்கிற நாயின் வாய்க்குள் முள் தேடாதேயுங்கோ. வாடி வள்ளத்தில் நாயை ஏற்றாதேயுங்கோ, அங்கேயும் தாய் பெற்ற பிள்ளைகள்தான் படுக்கிறார்கள். கடித்தால் கடித்தது என்று சொல்லுங்கோ.

என்னை எழுத வைத்தது உன் வசனம் மட்டும் இல்லை. போன மாதம் கோயில் திருநாளுக்கு ஜெனிற்றா பிள்ளையோடு வந்திருந்தாள். கூட்டத்துக்குள் செரின் தாயின் கையை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். வளர்ந்துவிட்டாள், முன் பல் இரண்டும் விழுந்துவிட்டது. என் கழுத்தைக் கட்டி இழுத்து, காதுக்குள், "அப்பம்மா, நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பா கேக்கேக்க எல்லாம் நண்டு எண்டுதான் சொல்லுறன்" என்றாள். என்னைச் சந்தோசப்படுத்துவதாக நினைத்துச் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். பிறகு தாயிடம் ஓடிவிட்டாள். நான் கூட்டம் கலையும்வரைக்கும் புனிதரின் சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன்.

இதற்கு மேல் எழுதுவது வெள்ளிக்கிழமை. முதல் எழுதினதைச் சுவாமியிடம் கொடுக்க முன்னம் ஜெனிற்றா வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுடைய பெயர் இதில் இருக்கிறது. அவள் வேண்டாம் என்றால் மாதத்தாளில் போடக்கூடாது. நேற்று பஸ் ஏறி விடத்தல்தீவுக்குப் போனேன். அவள் வளவில் இருந்து வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பினாள், வாருங்கோ என்று சொல்லவில்லை. நான் தாள்களை நீட்டினேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கி, நின்றபடியே வாசித்தாள். அவள் வாசித்து முடிக்கும்வரைக்கும் நான் படலைக்கு வெளியிலேயே நின்றேன். வெயில் நல்லாய்ச் சுட்டது. சரி என்று நின்றேன். நான் ஊசி போட்ட இடம் வந்தபோது அவள் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தாள்.

முடித்ததும் தாள்களை மடித்தாள். "எல்லா ஊசியும் போட்டு முடிச்சியளோ மாமி?" என்று கேட்டாள். அதைத்தான் முதலில் கேட்டாள். ஓம் என்றேன். "சரி. சுவாமியிட்டக் குடுங்கோ" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி குடியுங்கோ என்றும் சொல்லவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தால் தாள்களைக் கையில் வாங்கியே இருக்கமாட்டேன்.

செரின் வீட்டுக்குள் இருந்து வந்தாள். தாய்க்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, "மகள், அது நண்டில்லை. பிறவுணிதான் கடிச்சது. அப்பம்மாதான் பொய் சொன்னனான், உன்னையும் சொல்ல வைச்சனான். அம்மா சொன்னதுதான் சரி" என்றேன். அவள் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை விரித்து அந்த நாலு புள்ளியையும் பார்த்தாள்.

"அப்ப நான் இனி அப்பாவுக்கு நண்டு எண்டு சொல்லத் தேவையில்லையோ?" என்று கேட்டாள்.

தேவையில்லை என்றேன். பாரமான வாளியைக் கீழே வைத்த பிள்ளை மாதிரி ஒரு மூச்சு விட்டாள், மகன். ஏழு வயதுப் பிள்ளை. பிறகு தாயின் சீலைக்குள் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினாள். தாய் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

இந்தத் தாள்களை இன்றைக்கே போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லிச் சுவாமியிடம் கேட்கப் போகிறேன். நாளை மறுநாள் ஞாயிறு. எனக்குப் போன் எடுக்காதே. விடத்தல்தீவுக்கு எடு. பிள்ளை உனக்கு ஒன்று சொல்லுவாள். குறுக்கே பேசாமல் கேட்டு முடி, பிறகு போனைத் தாயிடம் கொடுக்கச் சொல். மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று உனக்கு இப்போது தெரியும். நான் கேட்க வேண்டியதை நான் அவளுடைய வாசலில் நின்று கேட்பேன், அவள் படலையைத் திறக்கிற நாளில். நீ கேட்க வேண்டியதை நீ கேள்.

அம்மா